குவாண்டம் விஞ்ஞானிக்குக் கண்ணீர் அஞ்சலி

இருபத்தெட்டு வயதில் ரிட்டையர் ஆகிறவன் அறிவுரை சொன்னால் எவன் கேட்பான்? ஆனாலும், சிதம்பரத்தில் இந்த ஃபிளக்ஸ் கடைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவன். ஊருக்கெல்லாம் வாழ்த்தும் அஞ்சலியும் எழுதியிருக்கிறேன், ஆனால் எதுவும் நாலு வரியைத் தாண்டியதில்லை. இது கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெஷினில் துணி ஏற்றுவது, கலர் சரிபார்ப்பது, எந்தத் தலைவர் படம் எந்தத் தலைவர் படத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் தானாக வந்துவிடும். கடைசியில் சொன்னது வராவிட்டால் அடி விழும், அதிலும் வந்துவிடும். அதனால் அதை எழுதவில்லை. ஒரே ஒரு பேனரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் மேசையில் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய போனையும் வைத்திருக்கிறேன். அது எதற்கு என்று முடிவில் சொல்கிறேன்.

முதலில் என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர். நான் ஏசிக்குள் உட்கார்ந்து டிசைன் பண்ணுவேன், அவர் வெயிலில் சவுக்குக் கம்பு நட்டுப் பேனர் கட்டுவார். கடலூரிலிருந்து காலையில் ஒரே பைக்கில் வருவோம், ஒரே பைக்கில் போவோம். பேனரின் வலது மூலையில் கடைப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு நம்பர் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது அவருடைய போன் நம்பர். கிழிந்தால், சாய்ந்தால், காற்றில் பறந்தால் ஜனங்கள் முதலாளியைக் கூப்பிட வேண்டாம், இவரைக் கூப்பிடட்டும் என்று முதலாளி யோசித்துச் செய்த ஏற்பாடு. முதலாளி யோசித்த ஏற்பாடுகள் எல்லாம் இந்த வகைதான்.

மச்சானுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குப் பேனர் கொண்டுபோனாலும் நேராகக் கம்பத்தில் ஏற்றமாட்டார். தரையில் விரிப்பார். அந்த வீட்டு ஆள் ஒருவரைக் கூப்பிடுவார். "இது உங்க ஆளுதானா?" என்று கேட்பார். ஆமாம் என்று வாயால் சொன்ன பிறகுதான் கயிற்றைத் தொடுவார். கல்யாணமோ சாவோ, எல்லாருக்கும் அதே கேள்விதான். எனக்குக் கடுப்பாக வரும். ஆர்டர் கொடுத்தவரே வாட்ஸப்பில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டார், இவருக்கு என்ன தனியாக ஒரு விசாரணைக் கமிஷன் என்பேன். அவர் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "நீ போடுறது படம்டா. நான் கட்டுறது ஆளு" என்பார். பெரிய தத்துவம் பேசுவதாக நினைப்பு. ஒருமுறை காதுகுத்துப் பேனரில் குழந்தைக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக் குழந்தை இருந்ததை அப்படித்தான் பிடித்தார். அதை வைத்து ஒரு மாதம் என்னை ஓட்டினார்.

அவர் ஏதாவது உயரத்திலிருந்து விழுந்துதான் போவார் என்று நாங்கள் எல்லாருமே மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தோம். எத்தனை கம்பம், எத்தனை மாடி. கடைசியில் ஒரு கொசு வேலையை முடித்தது. காய்ச்சல், ரத்தத்தில் அணு குறைகிறது என்றார்கள், புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிள்ளைகளுக்குத் துணி எடுத்து வருகிறேன் என்று அக்கா கடலூருக்குப் போன நேரத்தில் போய்விட்டார். அவர் போன் என் கையில் இருந்தது. அக்கா அடித்துக்கொண்டே இருந்தாள். என்னால் எடுக்க முடியவில்லை. ஆஃப் பண்ணிவிட்டேன். பிறகு ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு போய், "மச்சானுக்கு சீரியஸ், வா" என்று கூட்டி வந்தேன். நம் ஊரில் செத்தவர் யாரும் உடனே சாவதில்லை, முதலில் சீரியஸ்தான் ஆவார்கள். வழி முழுக்க, போன் ஏன் ஆஃப் என்று கேட்டாள். சார்ஜ் இல்லை என்றேன். நம்பின மாதிரி தலையாட்டினாள்.

அடக்கம் முடிந்து சில நாளில் அந்தப் போனை ஆன் பண்ண வேண்டியதாகிவிட்டது. ஊரில் உள்ள எல்லாப் பேனரிலும் அதே நம்பர். சாய்ந்த பேனருக்கு நம் துக்கம் தெரியுமா? அன்றிலிருந்து அந்தப் போன் என் பையில்தான்.

இந்த நேரத்தில்தான் நாட்டில் குவாண்டம் கண்டுபிடித்தார்கள்.

அதாவது, முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார்களாம். ஒரு பொடிப் பொருள் ஒரே நேரத்தில் இங்கேயும் இருக்கும், அங்கேயும் இருக்கும். நீ எட்டிப் பார்க்கும்போதுதான் இங்கேயா அங்கேயா என்று முடிவாகும். ஆனால் அந்த வித்தையைக் காட்ட, உலகத்தில் இல்லாத குளிர் வேண்டுமாம். பெரிய பெரிய மெஷின் வைத்துக் குளிர வைத்தால்தான் நடக்கும். இப்போது வெளிநாட்டில் ஒரு குழு, குளிரே இல்லாமல், சும்மா மேசை மேல் வைத்து நீண்ட நேரம் நடத்திக் காட்டிவிட்டது. இதனால் புது மருந்து கண்டுபிடிக்கலாம், உடம்பைக் கிழிக்காமல் உள்ளே பார்க்கலாம், எவனாலும் திருட முடியாத ரகசியம் அனுப்பலாம் என்று டிவியில் சொன்னார்கள். அதோடு விட்டிருந்தால் நம் ஊருக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்திருக்காது. அந்தக் குழுவில் ஒருவர் குறிஞ்சிப்பாடிக்காரர் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அதுதான் நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை உண்மையான கண்டுபிடிப்பு.

அந்த வாரம் நம் மெஷின் நிற்கவே இல்லை. அவர் படித்த ஸ்கூல், அவர் படிக்காத ஸ்கூல், அவர் சாதிச் சங்கம், அவரைத் தன் சாதி என்று நினைத்த இன்னொரு சங்கம், எல்லாரும் வந்தார்கள். "எங்கள் வீட்டுப் பிள்ளையே", "மண்ணின் மைந்தனே", "குவாண்டமே வருக". பேனரில் பத்தில் ஒரு பங்கு விஞ்ஞானி, மீதி இடத்தில் வாழ்த்துகிறவர்கள். விஞ்ஞானியின் படம் கேட்டால் யாரிடமும் இல்லை. டிவியில் காட்டியது குழுவாக நின்ற படம், அதில் எவர் நம்மவர் என்பதில் சங்கங்களுக்குள் கருத்து வேறுபாடு. கடைசியில் நெல்லிக்காய் லேகியம் விளம்பரத்துக்கு நான் முன்பு போட்ட அணுப் படத்தை எடுத்து எல்லாருக்கும் போட்டுக் கொடுத்தேன். எல்லாரும் திருப்தியாகப் போனார்கள். ஒரு விஷயம் யாருக்கும் புரியவில்லை என்றால் அதைக் கேள்வி கேட்கமாட்டார்கள், சைஸ் பெரிதாகக் கேட்பார்கள். குறித்துக்கொள்ளுங்கள், இதை எந்தக் காலேஜிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

பயன் என்ன என்று ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். அண்ணாகிராமத்துப் பலா வியாபாரி ஒருவர், அறுக்காமலே சுளை எப்படி இருக்கிறது என்று பார்க்க முடியுமா என்று என்னைக் கேட்டார், நான்தான் மெஷின் ஏஜெண்ட் என்பதுபோல. கிள்ளையிலிருந்து வந்த படகுக்காரர், மீன் இங்கேயும் இருக்கும் அங்கேயும் இருக்கும் என்பது தங்களுக்கு முன்பே தெரியும், வலையில் மட்டும்தான் இருக்காது என்றார். தெற்கு வீதி டீக்கடையில் ஒருவர், இருக்கிறது ஆனால் இல்லை என்பதைத்தானே நடராஜர் சந்நிதியில் திரை விலக்கிக் காட்டுகிறார்கள், வெள்ளைக்காரன் இப்போதுதான் வந்திருக்கிறான் என்று டீயை ஆற்றினார். ஞாயிறு பூசை முடிந்து எங்கள் பங்குக் கோயில் வாசலில் நின்றவர்கள், ஒரே கடவுள்தான் மூன்று ஆளாகவும் இருக்கிறார், மூவொரு கடவுள் என்று நாம் சொன்னபோது யாராவது கைதட்டினார்களா என்று வருத்தப்பட்டார்கள். ஒரு பியூட்டி பார்லர் அக்கா, குவாண்டம் ஃபேஷியல் என்று போர்டு மாற்றினார். எல்லோருமே ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள், சொல்லத்தான் நேரம் இல்லை.

என் அக்கா மட்டும் ஒன்றும் கண்டுபிடித்து வைத்திருக்கவில்லை. டிவியில் புது மருந்து என்று சொன்னபோது, "கொசுக் காய்ச்சலுக்குமாடா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். ரிமோட்டை எடுத்து சீரியலுக்கு மாற்றினாள்.

இப்படி ஊர் கொண்டாடிக்கொண்டிருந்தபோது அந்த விஞ்ஞானியின் அப்பா குறிஞ்சிப்பாடியில் இறந்துவிட்டார். வயதானவர், தூக்கத்தில் போய்விட்டார். சங்கங்களுக்கு இது பெரிய சங்கடம். வாழ்த்துப் பேனருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள், அஞ்சலிக்கும் கொடுக்க வேண்டும். ஊர் முன்னேற்றப் பேரவை என்று ஒன்று, அதன் செயலாளர் இதற்கும் வழி கண்டுபிடித்தார். ஒரே பேனர். இடது பாதியில் மகனுக்கு வாழ்த்து, வலது பாதியில் அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி. நடுவில் ஒரு கோடு.

அன்று காலை நான் கடையில் இல்லை. மச்சானுக்கு முப்பதாம் நாள் பூசை, கடலூரில் இருந்தேன். முதலாளியே சிஸ்டத்தில் உட்கார்ந்தார். பேரவைச் செயலாளர் அந்த வீட்டிலிருந்து வாங்கி அனுப்பிய படங்கள் இரண்டு. ஒன்றில் கறுத்த முடி, அரும்பு மீசை, முறுக்காக ஒரு இளைஞன். இன்னொன்றில் வழுக்கைத் தலை, வெள்ளைத் தாடி, கண்ணாடி. முதலாளி என்ன செய்வார்? யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இளைஞனைத் தூக்கி வாழ்த்துப் பக்கம் வைத்துத் தலையில் கிரீடம் போட்டார். வெள்ளைத் தாடியைத் தூக்கி அஞ்சலிப் பக்கம் வைத்து, கீழே குத்துவிளக்கு, மேலே கண்ணீர் விடும் கண், ஒரு ரோஜாப்பூ. ப்ரூஃப் அனுப்பினார். செயலாளர் கட்டை விரலைத் தூக்கினார். பேரவை வாட்ஸப் குரூப்பில் இருந்த அத்தனை பேரும் கைகூப்பினார்கள்.

விஷயம் என்னவென்றால், அப்பாவின் படம் கல்யாணத்துக்கு முன்பு ஸ்டுடியோவில் எடுத்தது. அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரே நல்ல படம். வெள்ளைத் தாடிக்காரர்தான் மகன். ஐம்பது தாண்டியவர். ஒரு வாரமாக எங்கள் வீட்டுப் பிள்ளை, எங்கள் வீட்டுப் பிள்ளை என்று மாவட்டமே மார்தட்டியது. பிள்ளையின் முகம் ஒருவனுக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

புதிதாக வந்த கட்டுகிற ஆள், துக்க வீடு, யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் யாரையும் கூப்பிடாமல், வீட்டுக்கு எதிரே வாசலைப் பார்த்த மாதிரி கட்டிவிட்டு வந்துவிட்டான்.

மதியம் நான் கடைக்குள் கால் வைக்கும்போது பையில் மச்சான் போன் அடித்தது. பேசியவர் விஞ்ஞானியின் அம்மாவுடைய தம்பி. அவரை மாமா என்றே சொல்லுகிறேன். அவர் சொன்னதன் சுருக்கம் இது. அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புருஷனைப் படுக்க வைத்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறார். எதிரே மகன் முகம். கீழே விளக்கு. மேலே அழுகிற கண். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியும். மகன் முந்தின நாள் ராத்திரியே பிளேன் ஏறிவிட்டார், போன் ஆஃப். அவர் கிளம்பும்போது மாமாவிடம்தான் பேசினார். அம்மா அப்போது ஊசி போட்டு மயக்கத்தில் இருந்தார். மகன் குரலை அவர் கேட்கவே இல்லை.

"பாத்ததும் உடனே பேனரைப் புடுங்கிட்டோம் தம்பி. அதான் தப்பாப் போச்சு. மறைக்கிறோம்னு முடிவே பண்ணிட்டாங்க. பிளேன்ல வர்றான்க்கானு சொன்னா, இப்புடித்தான எல்லாரும் சொல்வீங்கன்னு ஒரு வார்த்தை. அதோட பேச்சு இல்ல. தண்ணி கூட உள்ள எறங்கல. நர்ஸம்மா நாடி பாத்துட்டு பயப்படுது."

போன் ஆஃப் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். பிளேனில் வருகிறான் என்றால் என்ன அர்த்தம் என்றும் தெரியும். எத்தனை சாவுக்கு அவரே போய் எத்தனை பேரிடம் சீரியஸ் என்று சொல்லியிருப்பார். நாம் சொல்லிச் சொல்லிப் பழகின பொய்யும் இந்த உண்மையும் அச்சு அசல் ஒரே மாதிரி இருந்தன. மகன் எங்கேயாவது இறங்கிப் போனை ஆன் பண்ணுகிற வரைக்கும் அந்த வீட்டில் அவர் இருந்தார், இல்லை, இரண்டும்தான். இதற்கு எந்த மெஷினும் தேவைப்படவில்லை. ஐஸ் பெட்டி மட்டும் இருந்தது.

முதலாளி நெற்றியைத் துடைத்தார். அவரிடம் உடனே திட்டம் இருந்தது. "சவரி, படத்தை மாத்தி புதுசா ஒண்ணு அடிச்சு எடுத்துக்கினு ஓடு. இந்தாங்கம்மா, கரெக்டா இருக்குன்னு காட்டிட்டா முடிஞ்சுது."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். தப்பு நடந்த உடனே நம் கை மெஷினுக்குத்தான் போகும். புதிதாக ஒன்று அடித்துவிட்டால் பழையது நடக்கவே இல்லை என்று நமக்கு ஒரு நினைப்பு. அந்த அம்மா இடத்தில் நின்று பாருங்கள். மகன் சாவைக் காட்டிய பேனரைப் பிடுங்கி ஒளித்துவிட்டு, மகன் உயிரோடு இருக்கிற பேனரைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அதைவிடப் பெரிய சாட்சி வேறு வேண்டுமா? நான் முதலாளியிடம் வேண்டாம் என்றேன். அப்புறம் என்ன எடுத்துக்கொண்டு போவாய் என்றார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

வழி முழுக்க எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை. பயம்தான். ஒரு அம்மா ஐஸ் பெட்டிப் பக்கத்தில் இருந்து என் முகத்தைப் பார்க்கப் போகிறாள், என் முகம் ஏற்கெனவே ஒரு காரில் பொய் சொன்ன முகம், அது தெரிந்துவிடும் என்ற பயம். பின் சீட் காலியாக இருந்தது. மச்சான் இருந்தால் எனக்கு முன்பே இறங்கி ஓடியிருப்பார். இல்லை, மச்சான் இருந்திருந்தால் இதற்குப் போகவே வேண்டியிருந்திருக்காது.

பந்தலில் கூட்டம். பேரவைச் செயலாளர் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு ஒரு மூலையில் யாருக்கும் தெரியாதவர் மாதிரி நின்றார். ஒரு வாரமாக எல்லாப் பேனரிலும் சிரித்த முகம், அன்று பார்த்துக் கைக்குட்டைக்குப் பின்னால் இருந்தது. மாமா என்னைக் கூட்டிப் போனார். அந்த அம்மா கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு கை ஐஸ் பெட்டி மேல். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

மாமாவிடம் பழைய பேனர் எங்கே என்று கேட்டேன். பிளாஸ்டிக் சேர் அடுக்குக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தார்கள். எடுத்து வந்து அந்த அம்மாவுக்கு எதிரே தரையில் விரிக்கப் போனேன். மாமா என் கையைப் பிடித்தார். பெண்கள் கத்தினார்கள். மறுபடியும் அதைக் காட்டப் போறியா, மனுசனா நீ என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். அவர்கள் நிலையில் நானும் பிடித்திருப்பேன். நான் விரித்தேன்.

"அம்மா, நான் பேனர் கடைலேர்ந்து வரேன். கட்டுறதுக்கு முன்னாடி ஊட்டு ஆளைக் கேட்டுட்டுக் கட்டணும். எங்க ஆளு கேக்காம கட்டிட்டான். அதக் கேக்கத்தான் வந்தேன்."

அவர் கண்ணைத் தூக்கினார். "நீயும் பொய் சொல்ல வந்தியா?"

"எனக்குப் பொய் சொல்லத் தெரியும்மா. எங்க அக்காகிட்ட சொல்லிருக்கேன். மச்சான் போயிட்டாரு, சீரியஸ்னு சொல்லி கார்ல ஏத்துனேன். இன்னிக்கு அதுக்கு வரல." அந்தப் பந்தலில் இதை ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. வாயில் வந்துவிட்டது. பிறகு இடது பக்கம், கிரீடம் வைத்து நின்ற இளைஞன் மேல் விரலை வைத்தேன். "இது உங்க ஆளுதானா?"

அந்த அம்மா விளக்குப் பக்கத்தையேதான் பார்த்தார். நான் விரலை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, வேண்டாவெறுப்பாக, பார்வை இடது பக்கம் நகர்ந்தது. நின்றது. கீழே குனிந்தார்.

"இது எங்க ஊட்டுக்காரரு."

"அவருதானா, நல்லாப் பாருங்க."

"எனக்குத் தெரியாதா? பொண்ணு பாக்க வரப்ப இந்தச் சட்டைதான்." அந்தப் பக்கத்தில் இருந்த அணுப் படத்தையும், தங்கக் கலர் எழுத்தையும், வாழ்த்துகிறவர்களின் வரிசையையும் பார்த்தார். "இவருக்கு எதுக்கு கிரீடம்?"

"குவாண்டம் கண்டுபுடிச்சதுக்கு."

"யாரு, இந்த மனுசனா?" அந்த அம்மாவின் குரலில் முதல் தடவையாக உயிர் வந்தது. "மோட்டாரு சுவிட்சு போட பயந்துகினு என்னைக் கூப்புடுவாரு. இவரா கண்டுபுடிச்சாரு?"

யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அந்த அம்மாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எட்டிப் பார்த்தும் முடிவாகவில்லை. பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு விளக்குப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப இது?"

"செத்தவரை உயிரோட இருக்கற பக்கம் போட்டுட்டாங்கம்மா. அதனால..."

நான் முடிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா கையை நீட்டி மகனின் முகத்துக்குக் கீழே இருந்த குத்துவிளக்கை உள்ளங்கையால் மூடினார். விளக்கு மறைந்ததும் வெறும் படமாகிவிட்டது. கண்ணாடி போட்ட, தாடி வைத்த, உயிருள்ள மனிதர். கையை எடுக்கவே இல்லை. இன்னொரு கையால் சொம்பை வாங்கிக் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். மாமா தள்ளிப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"போன் வரட்டும்" என்றார் அந்த அம்மா. முழுசாக நம்பிவிட்டார் என்று சொல்லமாட்டேன். பாதி நம்பினார். காத்திருக்க அது போதுமாக இருந்தது. நானும் பேனர் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நான் எழுந்து போனால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும் என்று தோன்றியது. அந்தப் பந்தலில் எல்லாரும் மாமாவின் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பேரவைச் செயலாளர் உட்பட.

வெயில் சாயும்போது அடித்தது. மகன் துபாயில் இறங்கி அடுத்த பிளேனுக்குக் காத்திருந்தார். மாமா பேச முடியாமல் போனைத் தன் அக்கா காதில் வைத்தார். அழுவார், கத்துவார் என்று நினைத்தேன்.

"சேகரு," என்றார், "ஒங்கப்பன் விஞ்ஞானி ஆயிட்டாருடா."

அதற்குப் பிறகுதான் அழுதார்.

பேனரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த அம்மா விடவில்லை. இடது பாதியை மட்டும் அறுத்து வாங்கிக்கொண்டார். அதைக் கூடத்தில் மாட்டியிருப்பதாகப் பிறகு மாமா சொன்னார். அங்கே போகிறவர்கள் இனி குவாண்டத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் அந்த வீட்டில் ஒரே பதில்தான். மகனுக்கு அதில் ஆட்சேபணை இல்லையாம்.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டார் சுவிட்ச் இடம் வந்ததும் சிரித்தாள். மச்சான் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்து முடித்து, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அன்னிக்கு போனை ஆஃப் பண்ணது நீதான?" என்றாள். ஆமாம் என்றேன். "தெரியும். அவரு என்னிக்கு என் போனை எடுக்காம இருந்தாரு" என்றாள். அவ்வளவுதான். எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

நான் இப்போது கடலூர் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வேலைக்குப் போகிறேன். அக்கா வீட்டுக்குப் பக்கம், பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுக் கூட்டி வர முடியும். இந்தத் தொழிலில் கோபம் ஒன்றும் இல்லை. ஊர் இன்னும் நிறையக் கண்டுபிடிக்கும், நீங்கள் நிறைய அடிப்பீர்கள். எந்தக் கண்டுபிடிப்பாக இருந்தாலும் பரவாயில்லை, கட்டுவதற்கு முன்பு தரையில் விரியுங்கள். வீட்டு ஆளைக் கூப்பிடுங்கள். இது உங்க ஆளுதானா என்று கேளுங்கள். கட்டை விரலை நம்பாதீர்கள், வாயால் சொல்ல வையுங்கள். மச்சான் கேட்டபோது நான் சிரித்தேன், நீங்களும் சிரியுங்கள், சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

மேசையில் இருக்கிற போன் அவருடையது. நம்பரை எல்லா ஃபைலிலிருந்தும் மாற்றலாமா என்று முதலாளி கேட்டார், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சார்ஜ் போட்டு வையுங்கள், ஆஃப் பண்ணாதீர்கள். கிழிந்தது, சாய்ந்தது என்று யாராவது அடிப்பார்கள். சில நாள் மத்தியானத்தில் என் அக்கா அடிப்பாள். பெயர் வராது, "ஊடு" என்று வரும், மச்சான் அப்படித்தான் போட்டு வைத்திருந்தார். எடுத்து, "பேனர் கடைங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அவள் ஒன்றும் பேசமாட்டாள். நீங்களாக வைத்துவிடாதீர்கள். அவளே வைப்பாள்.